பட்டு மாடியை விட்டுப் போனவர்கள்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் என் பட்டு மாடியில் சேலை விற்கிற ஒவ்வொருத்திக்கும் ஓர் எண். சேலைத் தலைப்பில் குத்திக்கொள்ள வட்டமான வில்லை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். ரயில்வே போர்ட்டர்கள்கூட நம்மைவிட அழகாகக் குத்தியிருப்பார்கள்.

காலையில் கடை திறக்குமுன் முதலாளி அண்ணாச்சியின் மகன் எல்லோரையும் வெள்ளை விரிப்பில் உட்காரவைத்து விளக்கினார். கடையில் அவரை எல்லோரும் தம்பி என்போம். படித்துவிட்டு வந்த தம்பி. வண்ணார்பேட்டையில் இந்த ஜவுளிக்கடை தொடங்கிய நாளிலிருந்து பட்டுக்குக் கிடைக்கிற கமிஷன் பொதுவில்தான் இருந்தது. மாதக் கடைசியில் விற்றவள், மடித்தவள், தண்ணீர் எடுத்துக் கொடுத்தவள் எல்லோருக்கும் சமமாகப் பிரியும். இனி பில் சீட்டில் யாருடைய எண்ணோ அவளுக்கு மட்டும். சம்பளத்தில் ஒரு துண்டை வெட்டி அதையும் இதோடு சேர்த்து, இன்சென்டிவ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கவரில் வரும். நடுவில் வேலையை விட்டால் கிடையாது.

திறமைக்கேற்ற கூலி என்றார் தம்பி. அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டால் பாயசத்தில் கல்லைக் கடித்த மாதிரி இருக்கிறது எனக்கு.

கேள்வி கேட்டது இசக்கியம்மாள் ஒருத்திதான். பத்து வருடத்துக்கு முன்னால் அவளைக் கூட்டிவந்து சேர்த்தவள் நான். இந்த மாடியில் அவளைப்போலச் சேலை காட்ட ஆள் இல்லை.

"கல்யாண வீட்டுக்காரவிய மூணு தடவ வருவாவளே தம்பி. மொத நாளு காட்டினவளுக்கா, கடைசி நாளு சீட்டுப் போட்டவளுக்கா?"

சீட்டுப் போட்டவருக்கு என்றார் தம்பி. யோசிக்கக்கூட இல்லை.

சூப்பர்வைசர் என்பதால் எனக்கு எண் இல்லை. மாடியின் மொத்த விற்பனையில் ஒரு பங்கு தருகிறார்களாம். நான் கேட்கவில்லை, அவர்களாகத்தான் கொடுத்தார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

திருச்செந்தூரில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் லாட்ஜ்காரர்கள் சூழ்வார்களே, அப்படித்தான் இருக்கிறது எங்கள் படிக்கட்டு. யாராவது ஏறி வந்தால் நான்கு பேர் பாய்கிறார்கள். முகத்தைப் பார்ப்பதில்லை. அம்மாக்காரியின் கழுத்துச் சங்கிலி எவ்வளவு கனம் என்று பார்க்கிறார்கள். கனமில்லை என்றால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஜூன் 20, வியாழன்

முதல் ஆள் போயாயிற்று. பிச்சம்மாள். அவள் விற்பவள் இல்லை, மடிப்பவள். ஒரு குடும்பம் உட்கார்ந்து எழுந்தால் ஐம்பது அறுபது சேலை பிரிந்து கிடக்கும். பழைய மடிப்பு பிசகாமல் மடித்து அடுக்குவது அவள் வேலை. பட்டைக் கண்டபடி மடித்தால் ஜரிகை நொறுங்கும். மடிப்பதற்கு எண் கிடையாது, எனவே கமிஷனும் கிடையாது. "எனக்கு நம்பரே இல்லையாம்மா. அப்ப நான் இங்க இல்லாத ஆளுதான?" என்று கேட்டுவிட்டு டிபன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தம்பியிடம் சொன்னேன். அவரவர் பிரித்ததை அவரவர் மடிக்கட்டும் என்றார். ஒருத்தியும் மடிக்கவில்லை. மடிக்கிற நேரத்தில் படியில் ஆள் வந்தால் அடுத்தவளுக்குப் போய்விடுமே. சாயங்காலம் அத்தனை பட்டும் காலில் மிதிபட்டுக் கிடந்தது. நானும் இசக்கியும்தான் உட்கார்ந்து மடித்தோம்.

வீட்டுக்கு வந்தால் அரிசியில் வண்டு. முறத்தில் கொட்டிப் புடைத்தேன்.

ஜூலை 4, வியாழன்

போன வாரம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். கல்யாணம் இன்னும் பேசி முடியவில்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றார்கள். சும்மா என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றவர்கள் கலைந்துவிட்டார்கள். இசக்கிதான் தன் விரிப்பில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்து, பெண்ணின் தோளில் போட்டு, கண்ணாடி பிடித்துக் காட்டினாள்.

இன்று அதே வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரோடு வந்தார்கள். இசக்கி டீ குடிக்கக் கீழே போயிருந்தாள். ஷீபா என்று ஒருத்தி இருக்கிறாள், தம்பிக்குப் பிடித்த ஆள். படியிலேயே அவர்களை மறித்து, "ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன் வாங்கம்மா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பெண்ணோ எங்களுக்குக் காட்டியவர் எங்கே என்று கேட்கிறாள். அவிய லீவு என்றாள் ஷீபா, கொஞ்சமும் கூசாமல். இசக்கி படியேறி வரும்போது சீட்டு கிழித்தாயிற்று.

இசக்கி என்னைப் பார்த்தாள். சீட்டுப் போட்டவளுக்குத்தான் என்று முதல் நாளே சொல்லியாயிற்று, நான் என்ன செய்ய முடியும்? கீழே கணக்குக் கேட்கிறார்கள் என்று சொல்லி இறங்கிப் போய்விட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

ஆடித் தள்ளுபடி. மூச்சுவிட இடமில்லை. விற்கிற பெண்கள் இரண்டு பேர் ஒரே சேலையை ஆளுக்கொரு முனையில் இழுத்து, ஒருத்தியின் கண்ணாடி வளையல் உடைந்து கையைக் கிழித்துவிட்டது. சந்தன நிறப் பட்டில் ரத்தச் சொட்டு. வாடிக்கையாளர் முன்னால். தம்பி வந்து பார்த்தார். கையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். எந்த எண்ணில் இதைக் கழிப்பது என்று கேட்டார்.

விற்பனை மட்டும் ஏறுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டு மொட்டைமாடியில் ஓர் அறை கட்டலாம் என்று என் வீட்டுக்காரர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொத்தனாரிடம் பேசிப் பார்க்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கவர் கொடுத்தார்கள். எனக்கும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆறு பேர் வரவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. கவருக்காகவே காத்திருந்திருக்கிறார்கள். கவரில் நிறைய வந்தவர்கள், அதைக் காட்டி வேறு கடையில் கூடுதலாகக் கேட்கலாமென்று போனார்கள். கொஞ்சமாக வந்தவர்கள் கொஞ்சமாக வந்ததால் போனார்கள். ஷீபா ஒரு நகைக்கடையில் சேர்ந்துவிட்டாளாம்.

தம்பியிடம் சொன்னேன். அவர் கலங்கவில்லை. "விக்கத் தெரியாதவங்க போறாங்க மேடம், நல்லதுதானே" என்றார். ஷீபாதான் மாடியில் முதல் ஆள் என்றேன். போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிட்டார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

புதுப் பெண்கள் வந்திருக்கிறார்கள். அரக்கைச் சிவப்பு என்கிறார்கள், மாம்பழ நிறத்தை மஞ்சள் என்கிறார்கள். பாட்டியம்மா ஒருத்தி கல்யாணப் பெண்ணோடு வந்தால், கறுப்புக் கரையை எடுத்துப் போட்டுக் காட்டுகிறாள் ஒரு புண்ணியவதி. ஒருத்தி காலையில் சேர்ந்து மத்தியானம் சாப்பிடப் போனவள் திரும்பவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இங்கே யாருக்கும் நேரமில்லை. சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு அவளே நம் ஆளைப் பிடித்துக்கொள்வாள் என்று பயம். இசக்கி மட்டும் சொல்லிக்கொடுக்கிறாள்.

அறைக்குச் செங்கல் இறங்கிவிட்டது. தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, எதிர்வீட்டுக்காரர் முறைக்கிறார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஆவணி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் முகூர்த்தப் பட்டு எடுக்க மாட்டார்கள், பார்த்து மட்டும் வைப்பார்கள். ஆவணியில் நல்ல நேரம் பார்த்து வந்து அதையே எடுப்பார்கள். ஆடியில் காட்டியவளுக்கு ஆவணியில் அந்தக் குடும்பம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. எங்கள் பிள்ளைகள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பெண்ணுக்குப் பிடித்த சேலையை ஒளித்துவைத்துவிடுவது. என்னிடம் வந்தால்தான் அந்தச் சேலை.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். ராகுகாலம் பிறப்பதற்குள் சீட்டுப் போட வேண்டும். ஆடி முதல் வாரத்தில் ஷீபா காட்டிய சேலை. வெங்காயத்தோல் நிறம், மயில்கழுத்துக் கரை. பெண் அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். மாடியைப் புரட்டிப் போட்டோம். இல்லை. அதேபோல வேறு காட்டினோம். பெண் தலையை ஆட்டிக்கொண்டே அழுகிறாள். "மனசுல அதக் கட்டிப் பாத்துட்டா எம் மவ. இனிமே வேற கட்டச் சொன்னா வெளங்குமா?" என்றாள் அம்மா.

ஷீபாவைப் போனில் கூப்பிட்டேன். எடுத்தாள். எங்கே வைத்தாய் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"அந்தச் சேலைக்கு எனக்குக் காசு வருமாக்கா? வராதுல்லா. பெறவு நான் எதுக்குச் சொல்லணும்?"

பத்தரை தாண்டியது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அந்த அம்மா படியிறங்கும்போது, கடை வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று சொன்னதைவிட, அபசகுனம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனதுதான் என்னைப் பிடுங்குகிறது.

ஆகஸ்ட் 24, சனி

கிடைத்துவிட்டது. எங்கே என்று எழுதவே கை கூசுகிறது. பெண்கள் கழிப்பறையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில். ஒரு கல்யாணப் பெண் தாலிகட்டும்போது உடுத்தப்போகிற சேலை. பை வியர்த்து, கரையில் பூஞ்சை பிடித்து, மூத்திர நாற்றம் ஏறியிருந்தது. கையில் எடுத்தவள் வாந்தியெடுத்துவிட்டாள். எனக்கும் வந்திருக்கும், சூப்பர்வைசர் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

அதைத் தேடப்போய் மற்றதெல்லாம் வெளியே வந்தது. மெத்தைக்கடியில், குடத்துக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால்கூட. போனவர்கள் வைத்தது, இருப்பவர்கள் வைத்தது. உள்பாவாடைப் பெட்டிக்குள் இருந்த ஒன்றை எடுத்ததும் இசக்கி எழுந்து நின்றாள். "அது நான் வச்சது" என்றாள். வேறு ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் காட்டின குடும்பத்துக்கு அவளுவ சீட்டுப் போட்டுட்டே இருந்தாளுவக்கா. நீங்களும் பாத்தியதான? ஒருநாளு நானும் வச்சேன். வச்ச அன்னைக்குச் சோறு எறங்கல" என்றாள். பட்டு பாழாகாமல் மல்துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஒளித்ததிலும் அவள் வேலை சுத்தம்.

போகட்டும், இதை நான் தம்பியிடம் சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

தம்பி அழைத்தார். இத்தனை நடந்த பிறகு எண்ணைத் தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். முட்டாள் நான். ஆட்கள் நிற்காமல் போவதுதான் பிரச்சினை, அதற்கும் ஓர் இன்சென்டிவ் வைத்துவிடலாம் என்கிறார். யாருக்கு? எனக்கு. செப்டம்பர் முடியும்வரை என் மாடியிலிருந்து ஒருத்தியும் போகாவிட்டால் என் பங்கு இரண்டு மடங்கு. ஒருத்தி போனாலும் மொத்தமும் இல்லை. "ஆளை நிறுத்தி வைக்கிறதுதான் உங்க பெர்ஃபாமன்ஸ்" என்றார்.

புதுப் பெண்களின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்களையும் வாங்கி அண்ணாச்சியின் இரும்புப் பெட்டியில் பூட்டியாயிற்று. வாங்கிக் கொடுத்தது நான். சொன்னதைச் செய்தேன். பிள்ளைகள் நீட்டியபோது அந்தக் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள். சீ என்றிருந்தது.

இசக்கியிடம் வாங்கச் சான்றிதழ் இல்லை. எட்டாவதோடு நின்றவள்.

செப்டம்பர் 4, புதன்

இசக்கி போகிறாளாம்.

கவருக்குக்கூட நிற்கவில்லை. பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் ஒரு சின்னக் கடை. எண் இல்லை, இன்சென்டிவ் இல்லை, மாதச் சம்பளம் மட்டும். இங்கே அவளுக்கு வருவதைவிடக் குறைவு. ஏனடி என்றேன். "அங்க அஞ்சு பேருதானாம்க்கா. சேர்ந்து உக்காந்து சாப்பிடுதாவளாம்" என்றாள். அவ்வளவுதான் காரணம்.

எங்கள் ஊரில் ஒரு ஜவுளிக்கடை ஆளை இன்னொரு கடை எடுக்குமுன் பழைய சூப்பர்வைசரைப் போனில் கேட்டுக்கொள்வார்கள். கை சுத்தமா, வாய் சுத்தமா என்று. அது எழுதாத சட்டம். "ஒங்களத்தான் கேப்பாவளாம். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்க்கா" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள்.

நானும் சந்தோஷம் என்றேன். இன்னும் ஒரு மாதம் பொறுக்கக் கூடாதா என்றும் கேட்டேன். இந்த மாடியில் ஒரு நாள் உட்காருவதே முள்ளாக இருக்கிறது என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

அறைக்குத் தளம் போட்டார்கள். மழை வராமல் இருந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். இரண்டு வாரத்துக்குக் காயவிடக் கூடாது என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார்.

பாளையங்கோட்டையிலிருந்து போன் வந்தது. மரியாதையான மனிதர், எடுத்ததும் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டார். உங்கள் கடையில் சேலை ஒளித்த கதை பஜாரெல்லாம் பேசுகிறார்களே, இந்தப் பெண்ணும் அதில் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அவளே ஒப்புக்கொண்டதுதானே. நான் பொய் சொல்லவில்லை. எதனால் ஒளித்தாள் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அப்புறம் நல்லதும்மா என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் புளிக்குழம்பு. வாயில் வைக்க முடியவில்லை, புளி பழசாக இருக்கும்.

செப்டம்பர் 12, வியாழன்

அவிய பேசினாவளாக்கா என்று இசக்கி கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

செப்டம்பர் 14, சனி

இன்றும் கேட்டாள். வேலை நெருக்கடியில் மறந்திருப்பார்கள் என்றேன். ஆமாம், ஆவணிக் கூட்டம் அங்கேயும் இருக்குமல்லவா என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

எரிச்சலாக வருகிறது அவளைப் பார்த்தாலே. இப்படியுமா ஒருத்தி யாரையும் நம்புவாள்.

செப்டம்பர் 18, புதன்

கடை திறக்குமுன் படிக்கட்டுக்குக் கீழே இசக்கி காத்திருந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு, பாளையங்கோட்டைக் கடையின் போன் எண். "அவிய பேசாட்டா என்னக்கா, நீங்களே பேசிருங்க. நான் பக்கத்துல நிக்கேன்" என்றாள்.

அப்புறம் பார்க்கலாம் என்றேன். ஒரு நிமிசம்தானக்கா என்றாள். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்து அவள் சொல்லச் சொல்ல எண்களை அழுத்தினேன். பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. காதில் வைத்துக்கொண்டேன்.

வணக்கம் அண்ணாச்சி, பட்டு மாடி உலகம்மா பேசுதேன் என்று ஆரம்பித்தேன். பிறகு எப்படியோ பேச்சு தானாக வந்தது. இந்த மாடியில் பத்து வருடத்தில் அவள் காட்டிய சேலையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்ட குடும்பம் ஒன்றுகூட இல்லை என்று சொன்னேன். வாங்க வந்தவர்களுக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் ஒரே மாதிரி விரித்துக் காட்டுவாள், புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள், பிச்சம்மாள் போனபிறகு கேட்காமலே உட்கார்ந்து மடித்தாள் என்றெல்லாம் சொன்னேன். ஒரே ஒரு தப்புச் செய்தாள் அண்ணாச்சி, அதுவும் நாங்கள் செய்யவைத்தது, அதை அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் எழுந்து நின்று ஒத்துக்கொண்டாள் என்றேன். அவளை விட்டுவிடாதீர்கள் என்றேன். அத்தனையும் உண்மை. காதில் ஒரு சத்தமும் இல்லை.

போனை இறக்கியபோது இசக்கி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னப் பத்தி இவ்ளோ நெனச்சிருக்கியன்னு இத்தன வருசமாத் தெரியாமப் போச்சேக்கா" என்றாள். பிறகு கேட்டாள், "அவிய என்ன சொன்னாவ?"

"சொல்லி அனுப்புதேன்னாவ" என்றேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

பாளையங்கோட்டையில் ஆள் எடுத்துவிட்டார்களாம். இசக்கிதான் வந்து சொன்னாள். எல்லோருக்கும் எல்லாம் அமையுமா, நீங்க இருக்கிற எடத்துலயே நானும் இருந்துக்கிடுதேன் என்றாள். நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

கடை திறக்குமுன் தம்பி எல்லோரையும் வெள்ளை விரிப்பில் உட்காரவைத்தார். போன மாதம் பட்டு மாடியிலிருந்து ஒருத்தர்கூடப் போகவில்லை, மற்ற மாடிகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, என் கையில் கவரைக் கொடுத்துக் கை தட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். இசக்கி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.